மஞ்சள்காமாலைக்குத் தேடப்படும் கசப்பு வேர்: இமயமலைக் கடுகுரோகிணி

நாட்டு மருந்துக் கடையில் ‘கடுகுரோகிணி’ என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் ஒரு கேள்வி கேட்பார்: “யாருக்கு மஞ்சள்காமாலை?” வேறு காரணத்துக்காக இந்தச் சரக்கைத் தேடி வருபவர்கள் குறைவு. இது சீரகம், ஓமம் போலச் சமையலறையில் இருக்கும் பொருள் அன்று. வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளாகி, சிறுநீர் தேயிலைச் சாற்றின் நிறத்துக்கு மாறிய பிறகுதான் இதன் பெயர் பலருக்கும் தெரிய வருகிறது.

பொட்டலத்தில் வருவது பார்ப்பதற்கு ஒன்றும் சிறப்பானதல்ல. சாம்பல் கலந்த பழுப்பு நிறம், சுண்டுவிரலைவிட மெல்லிய துண்டுகள், மேலே சுருக்கங்களும் காய்ந்த செதில்களும் இருக்கும். உடைத்தால் உட்புறம் கறுத்துத் தெரியும். நுனி நாக்கில் ஒரு சிறு துணுக்கை வைத்தால் போதும். நிலவேம்பு குடித்துப் பழகியவர்கள்கூட முகம் சுளிக்கும் கசப்பு அது. தண்ணீர் குடித்தாலும் வெகு நேரம் போகாது.

அந்தக் கசப்புக்குள் என்ன இருக்கிறது, அது கல்லீரலுக்கு உண்மையில் உதவுகிறதா, எப்போது உதவாது, கடையில் கொடுப்பது அசல் வேர்தானா என்பதெல்லாம் இந்த வேரை வாங்கும் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டியவை. ஏனென்றால், மஞ்சள்காமாலை வந்தவர் காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை உண்டு.

பெயரிலேயே இருக்கும் கசப்பு

இச்செடியின் அறிவியல் பெயர் பிக்ரோரைசா குர்ரோவா. கிரேக்க மொழியில் ‘பிக்ரோஸ்’ என்றால் கசப்பு, ‘ரைசா’ என்றால் வேர். பின்பாதியான ‘குர்ரோவா’ வட இந்திய மலை மக்கள் கசப்பைக் குறிக்கச் சொல்லும் ‘கரு’, ‘கௌர்’ போன்ற சொற்களிலிருந்து வந்தது. ஆக, அறிவியல் பெயரை முழுதாகச் சொன்னால் ‘கசப்பு வேர் கசப்பு’ என்றுதான் பொருள்! இந்தியில் குட்கி, சமஸ்கிருதத்தில் கடுகா, கடுரோகிணி. ‘கடு’ என்ற சமஸ்கிருதச் சொல் மருத்துவ நூல்களில் உண்மையில் கார்ப்புச் சுவையைக் குறிப்பது. இந்த வேரிலோ கார்ப்பு கிடையாது. கடுமை என்ற பொருளில் எடுத்துக்கொண்டால் பெயர் பொருந்திவிடும். தமிழில் கடுகுரோகிணி என்று வழங்குவதால் கடுகோடு ஏதோ உறவு இருப்பதாகச் சிலர் நினைப்பதுண்டு. அப்படி எதுவும் இல்லை.

சமஸ்கிருத நூல்களில் இதற்கு ‘மத்ஸ்யசகலா’ என்றொரு பெயரும் உண்டு. மீன் செதில் என்பது அதன் பொருள். வேரின் மேலுள்ள உலர்ந்த செதில்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளக்கத் தேவையில்லை.

ஐரோப்பியத் தாவரவியலுக்கு இச்செடியை அறிமுகம் செய்ததில் ஜான் ஃபோர்ப்ஸ் ராயிலின் பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், சகரன்பூர் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பில் இருந்தவர். அவர் வைத்த பெயரோடு 1835-இல் ஜார்ஜ் பெந்தம் இதன் விவரங்களை வெளியிட்டார்.

செடி மிகச் சிறியது. தரையோடு ஒட்டிய இலைக் கொத்து. கரண்டி வடிவ இலைகள், விளிம்பில் பற்கள். நடுவிலிருந்து எழும் தண்டில் வெளிர் நீல அல்லது ஊதாப் பூக்கள். காஷ்மீர், இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட், மேற்கு நேப்பாளம் ஆகிய பகுதிகளில் ஏறத்தாழ 3,000 மீட்டருக்கு மேல், மரங்கள் நின்றுபோகும் எல்லையிலும் அதற்கு அப்பாலுள்ள பாறைச் சரிவுகளிலும் வளர்கிறது. ஆண்டின் பல மாதங்கள் பனியடியில் கிடக்கும். அந்தக் காலத்தில் உயிரைத் தாங்கி நிற்பது மண்ணுக்குள் படுத்திருக்கும் கிழங்குத் தண்டுதான். மருந்தாகப் பயன்படுவதும் அதுதான். இச்செடியின் சிக்கல் முழுவதும் இந்த இடத்தில் தொடங்குகிறது.

கசப்புக்குள் என்ன இருக்கிறது?

வேதியியலாளர்கள் இந்த வேரிலிருந்து முதலில் பிரித்தெடுத்த கசப்புப் பொருளுக்கு ‘குட்கின்’ என்று பெயரிட்டார்கள். நெடுங்காலம் அது ஒரே ஒரு சேர்மம் என்றே கருதப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் இந்திய ஆய்வாளர்கள் மீண்டும் ஆராய்ந்தபோது, அது பிக்ரோசைட் ஒன்று, குட்கோசைட் ஆகிய இரு சேர்மங்கள் கலந்த கலவை என்று தெரிந்தது. பிக்ரோசைட் இரண்டு முதலிய உறவினர்களும் இதே வேரில் கண்டறியப்பட்டனர்.

இவை அனைத்தும் இரிடாய்டு கிளைக்கோசைடுகள் என்ற வகையைச் சேர்ந்தவை. எளிமையாகச் சொன்னால், இரண்டு வளையங்கள் இணைந்த ஒரு சிறிய கூடு, அதில் தொங்கும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு. இந்த அடிப்படை வடிவத்துக்குக் கேட்டல்பால் என்று பெயர். அதோடு சின்னமிக் அமிலம் சேர்ந்தால் பிக்ரோசைட் ஒன்று. வெனிலிக் அமிலம் சேர்ந்தால் பிக்ரோசைட் இரண்டு. அதே வெனிலிக் அமிலம் வேறோர் இடத்தில் ஒட்டினால் குட்கோசைட். சின்னமிக் அமிலம் இலவங்கப்பட்டை மணத்துக்கும், வெனிலிக் அமிலம் ஐஸ்கிரீமில் சேரும் வெனிலா மணத்துக்கும் நெருங்கிய சொந்தம். இனிய மணங்களின் உறவினர்கள் சேர்ந்து இத்தனை கசப்பை உண்டாக்குவது வேதியியலின் குறும்புதான்.

கேட்டல்பால் நம் வட்டாரத்துக்கும் புதிதல்ல. சீனக் குடும்பங்கள் மூலிகைச் சூப்பில் சேர்க்கும் ரெமானியா என்ற கிழங்கிலும், பச்சையாக இருக்கும்போது, அது நிறைய உண்டு.

கடுகுரோகிணியில் குக்குர்பிட்டசின்கள் என்ற இன்னொரு கசப்புக் கூட்டமும் இருக்கிறது. சில வேளைகளில் வெள்ளரிக்காய் திடீரென்று கசப்பதற்குக் காரணம் இவைதான். பாகற்காயின் கசப்பும் இவற்றுக்கு நெருங்கிய குடும்பம். இரண்டு வகைக் கசப்புகள் ஒரே வேரில் சேர்ந்திருப்பதால்தான் நாக்கு அவ்வளவு நேரம் தவிக்கிறது.

ஆய்வாளர்களை அதிகம் ஈர்த்த மற்றொரு சேர்மம் அப்போசைனின். இது 1883-இலேயே கனடா சணல் எனப்படும் வட அமெரிக்கச் செடியிலிருந்து பிரிக்கப்பட்ட பழைய பொருள். ஆனால் கடுகுரோகிணியில் இது கண்டறியப்பட்ட பிறகுதான் அதன் வேலை விளங்கியது. நம் வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்ல ஒரு நொதியின் துணையோடு வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை உற்பத்தி செய்கின்றன. அளவு மீறினால் அந்த ஆயுதம் சொந்தத் திசுக்களையே சுடும். அழற்சியின் ஒரு பெரும் பகுதி இதுதான். அந்த நொதியின் பாகங்கள் ஒன்றுசேர விடாமல் அப்போசைனின் தடுக்கிறது. இன்று உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இந்த நொதியை அடக்க வேண்டுமென்றால் அலமாரியிலிருந்து எடுக்கப்படும் வழக்கமான பொருள்களில் இதுவும் ஒன்று.

எலியில் கண்டதும் மனிதரில் கண்டதும்

லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் பிக்ரோசைட் ஒன்றும் குட்கோசைட்டும் குறிப்பிட்ட விகிதத்தில் அடங்கிய சாரத்தை ‘பிக்ரோலிவ்’ என்ற பெயரில் உருவாக்கி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. கார்பன் டெட்ராகுளோரைடு, மிகை அளவு பாரசிட்டமால், பூஞ்சை நஞ்சு போன்றவற்றால் எலிகளின் கல்லீரலுக்குச் சேதம் உண்டாக்கி, இந்தச் சாரம் கொடுக்கப்பட்டது. சேதம் குறைந்தது, பித்தநீர் சுரப்பும் கூடியது. ஐரோப்பாவில் கல்லீரலுக்குப் பெயர்போன பால் முட்செடியின் சிலிமரினோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில் கடுகுரோகிணி சளைக்கவில்லை.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. இத்தகைய சோதனைகள் பலவற்றில் நஞ்சுக்கு முன்போ, நஞ்சோடு சேர்த்தோதான் மூலிகை கொடுக்கப்படுகிறது. அடி விழும் முன் கவசம் அணிவிப்பது போன்றது அது. ஆண்டுக்கணக்கில் மதுவாலோ, கொழுப்பாலோ, ஹெப்படைட்டிஸ் பி கிருமியாலோ தழும்பேறிய மனிதக் கல்லீரல் வேறு விஷயம். ‘கல்லீரலைப் பாதுகாக்கும்’ என்ற விளம்பர வரியைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைப்பது நல்லது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது இந்திய மருத்துவர்கள் 1996-இல் வெளியிட்டது. கடுமையான கிருமிவழிக் கல்லீரல் அழற்சி கண்ட, ஹெப்படைட்டிஸ் பி இல்லாத நோயாளிகள் 33 பேர் அதில் பங்கேற்றனர். 15 பேருக்கு வேர்த்தூள் 375 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, இரண்டு வாரங்களுக்குக் கொடுக்கப்பட்டது. மற்ற 18 பேருக்கு மருந்தில்லாத போலிப் பொருள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இரத்தத்தில் பிலிருபின் சராசரியாக 2.5 மில்லிகிராம் அளவுக்கு இறங்க, போலிப் பொருள் பெற்றவர்களுக்கு 75.9 நாள் ஆனது. வேர்த்தூள் பெற்றவர்களுக்கு 27.4 நாளே ஆனது.

இது நல்ல செய்திதான். மரபு மருத்துவம் சொல்லி வந்ததற்கு முறையான சோதனையில் கிடைத்த ஆதரவு. எனினும், 33 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அதோடு, இத்தகைய கல்லீரல் அழற்சி பெரும்பாலும் தானாகவே தணியக்கூடியது. விரைவாகத் தணிந்தது என்று சொல்லலாமே தவிர, வேர் இல்லாவிட்டால் குணமாகியிருக்காது என்று சொல்ல முடியாது. ஆஸ்துமாவுக்கும் இந்த வேர் உதவும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது அதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு மூலிகை ஒன்றுக்கு நல்லது என்றால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று பட்டியல் நீட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த வேர் அதற்கு ஒரு பாடம்.

மரபு மருத்துவர்கள் இதைத் தனியே கொடுப்பது குறைவு. கேரள வைத்தியசாலைகளில் கிடைக்கும் படோலகடுரோகிண்யாதி கஷாயத்தில் இது சீந்தில், சந்தனம் முதலியவற்றோடு சேருகிறது. ‘ஆரோக்கியவர்த்தினி’ மாத்திரையிலும் இதுவே பெரும்பங்கு. ஆனால் அந்த மாத்திரையில் பாதரசம், கந்தகம், தாமிரம் போன்றவற்றின் பற்பங்களும் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. மூலிகை மாத்திரை என்று நினைத்து, மருத்துவர் சொல்லாமல், மாதக்கணக்கில் விழுங்க வேண்டிய பொருள் அன்று அது.

கண் மஞ்சளாவதற்குப் பல காரணங்கள்

மஞ்சள்காமாலை ஒரு நோயல்ல, ஓர் அறிகுறி. சிவப்பணுக்கள் மிகுதியாக உடைந்தாலும் வரும். கல்லீரலில் கிருமி தாக்கினாலும் வரும். பித்த நாளத்தைக் கல்லோ கட்டியோ அடைத்தாலும் வரும். நம் வட்டாரத்தில் மழைக்கும் வெள்ளத்துக்கும் பின் தலைகாட்டும் எலிக்காய்ச்சலும் கண்ணை மஞ்சளாக்கும். அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவை, தாமதம் உயிருக்கு ஆபத்து.

நாளம் அடைபட்டிருக்கும்போது பித்தநீர்ச் சுரப்பைத் தூண்டும் வேரைக் கொடுப்பது, சாக்கடை அடைத்திருக்கும்போது குழாயை இன்னும் திறந்துவிடுவதற்கு ஒப்பு. மலம் களிமண் நிறத்துக்கு வெளுப்பது, வலது விலாவுக்குக் கீழ் தாங்கமுடியாத வலி, உடல் முழுவதும் அரிப்பு ஆகியவை அடைப்பைச் சுட்டும் அறிகுறிகள். குழப்பமான பேச்சு, தூக்கக் கலக்கம், இரத்தக் கசிவு இருந்தால் கல்லீரல் கைவிடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது போக வேண்டிய இடம் அவசரச் சிகிச்சைப் பிரிவு.

பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள்காமாலைக்கு எந்த வேரும் எந்தச் சாறும் கொடுக்கலாகாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிறந்த குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாட்டுப் பரிசோதனை செய்யப்படுவது இதனால்தான்.

வேர் அளவு மீறினால் வயிற்றுப்போக்கும் வாந்தியும் வரும். பேதியாக வேண்டும் என்பதற்காகவே பழைய மருத்துவத்தில் கூடுதல் அளவு கொடுத்தார்கள். இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூல் சொல்லும் வழக்கமான அளவு நாளுக்கு 1 முதல் 3 கிராம் தூள். கர்ப்பிணிகள், நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

ஒரு பெயர், பல வேர்கள்

கடையில் கொடுப்பது எந்த வேர் என்பது அடுத்த சிக்கல். கிழக்கு இமயமலையிலும் திபெத், யுன்னான் பகுதிகளிலும் வளரும் நெருங்கிய உறவுச் செடியும் குட்கி என்றே விற்கப்படுகிறது. சீன மருந்துக்கடைகளில் ‘ஹு ஹுவாங் லியென்’ என்ற பெயரில் இருப்பது இதுதான். சேர்மங்கள் பெரும்பாலும் ஒத்தவை என்பதால் இதனால் பெரிய கேடில்லை.

பெயர்க் குழப்பம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ‘ஹு’ என்ற முன்னொட்டு இல்லாத ‘ஹுவாங் லியென்’ முற்றிலும் வேறு செடி. அதிலுள்ளது பெர்பெரின். பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள்காமாலையோடு தொடர்புபடுத்தப்பட்டு, 1978 முதல் பல்லாண்டுகள் சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்டிருந்தது அது. தடை பின்னர் நீக்கப்பட்டாலும், மஞ்சள்காமாலைக்கு ஒன்றைக் கேட்டு மற்றொன்றை வாங்கி வரும் ஆபத்து சிறியதல்ல. ‘ஹு’ என்றால் அயல்நாட்டைக் குறிக்கும் சொல். மேற்கிலிருந்து வந்த கசப்பு வேர் என்ற பொருளில் சீன வணிகர்கள் சேர்த்த ஒரே அசைதான் இரண்டையும் பிரிக்கிறது.

கலப்படமும் உண்டு. ஜென்ஷியானா குர்ரூ என்ற மற்றோர் இமயமலைச் செடியின் பெயரும் கசப்பும் ஒத்திருப்பதால் அதன் வேர் கலந்துவிடுகிறது. அதுவோ அழிவின் விளிம்பில் இருக்கும் செடி. தூளாக வாங்கினால் கண்டுபிடிக்க வழியே இல்லை. முழு வேராக வாங்கினால் செதிலையும் உள்ளிருக்கும் கறுப்பையுமாவது பார்க்கலாம். மாத்திரை, கஷாயமாக வாங்குவோர் மலேசியாவில் ‘எம்.ஏ.எல்’ எனத் தொடங்கி ‘டி’ என முடியும் மரபு மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் கன உலோகம் கலந்த மருந்துகள் குறித்து சுகாதார அறிவியல் ஆணையம் அவ்வப்போது எச்சரிக்கை வெளியிடுகிறது.

மேலே தோண்டுபவர்கள்

கிழங்குத் தண்டைத் தோண்டினால் செடி போய்விடும். இலை பறிப்பது போன்றதல்ல இது. நேப்பாளத்தின் ஜும்லா, ஹும்லா போன்ற மலை மாவட்டங்களிலும் இந்திய இமயமலைக் கிராமங்களிலும், கோடையும் இலையுதிர் காலமும் மேய்ச்சல் நிலங்களுக்கு ஏறும் குடும்பங்களுக்கு இந்த வேர் கைக்காசு தரும் சில பொருள்களில் ஒன்று. விதை உதிர்ந்த பிறகு தோண்டுவதுதான் முறை. ஆனால் பொது நிலத்தில் முந்தியவருக்கே வேர். பொறுத்திருப்பவர் வெறுங்கையோடு இறங்க வேண்டும். அதனால் பருவத்துக்கு முன்பே தோண்டுவது நடக்கிறது. தோண்டியவரிடமிருந்து இடைத்தரகர், சமவெளி வணிகர் எனக் கைமாறி மூட்டை கீழே வருவதற்குள் விலை ஏறிவிடும். அதில் மலையேறியவருக்குக் கிடைப்பது சிறு பங்கு.

அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1997-ஆம் ஆண்டு கடுகுரோகிணி சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு சடாமாஞ்சிலும் சேர்ந்தது. அன்று முதல் வேரை எல்லை தாண்டி வணிகம் செய்ய அனுமதிச் சான்று தேவை. காட்டிலிருந்து எடுத்த வேரை ஏற்றுமதி செய்ய இந்தியாவும் தடை விதித்தது.

பயிரிடுவதுதான் வழி என்று பலரும் சொல்கிறார்கள். முடியாததும் அல்ல. கிழங்குத் தண்டைத் துண்டாக்கி நட்டால் முளைக்கும். உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் கேஸ் என்ற மலைக் கிராமத்து விவசாயிகள் வயல்களில் இதை வளர்த்து விற்கிறார்கள். இமாசலத்தின் பாலம்பூரிலுள்ள ஆய்வு நிலையத்தில் திசு வளர்ப்பு முறையில் நாற்று உருவாக்கும் ஆய்வுகளும் நடந்துள்ளன. பிக்ரோசைட் ஒன்று இலையிலும் இருப்பதால், வேரைத் தொடாமல் இலையை அறுவடை செய்யலாமா என்றும் பார்க்கிறார்கள். குளிர்ந்த சூழலில் வளரும் செடியில் கசப்புச் சேர்மங்கள் கூடுகின்றன என்பதால், கீழே சமவெளியில் கொண்டுவந்து பெருக்கும் குறுக்குவழி பலிக்கவில்லை.

விவசாயிக்கு இருக்கும் பெரிய தடை காலம். நட்ட வேர் விற்கும் பருவத்துக்கு வர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த நிலத்திலிருந்து வேறு வருமானம் இல்லை. காட்டிலிருந்து தோண்டியதல்ல, வயலில் விளைந்தது என்று சான்று காட்டிய பிறகே அவர் அதை அனுப்ப முடியும். பக்கத்துச் சரிவிலோ, யாரும் நடாத வேரை வேறொருவர் ஒரே காலைப்பொழுதில் தோண்டிக்கொண்டிருப்பார்.